சுழல் கலப்பையைப் பொருத்துதலும் பேணுதலும்

சென்ற நடவுப் பருவத்தில் தணிக்கையின்பொருட்டு நாம் ஒரு சங்கத்துக்குச் சென்றிருந்தோம். பவர் டில்லர் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது. வாடகைப் பதிவேட்டிலோ 11 அங்கத்தினர்களின் பெயர்கள் காத்திருந்தன. விசாரித்ததில், வரப்போரம் கிடந்த நைலான் கயிறு சுழல் கலப்பையின் தண்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலைக் கெடுத்ததும், எண்ணெய் முழுதும் ஒழுகிச் செயின் அறுந்ததும் தெரியவந்தன. கயிற்றை அறுத்தெறியக் கால் மணி நேரம் போதும். அது செய்யப்படாமையால் 11 பேரின் நாற்று வயது கடந்துவிட்டது. இப்பாடத்தை எழுதத் தூண்டியது இச்சம்பவமே.

சுழல் கலப்பை, என்ஜின் விசையால் சுழலும் தண்டிலுள்ள கத்திகளால் மண்ணைக் கொத்திப் பொடியாக்குவது. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு என்பார் 1912-ஆம் ஆண்டில் இதற்கான சோதனைகளைத் தொடங்கினார். முதலில் அமைத்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரியெறிந்தமையால், 'எல்' எழுத்தைப் போல் வளைந்த கத்திகளை அவர் அமைத்தார். கத்தியின் வளைவும் அது நிற்கும் திசையும் எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

பொருத்தும் முறை

முதலாவதாக, இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். பெட்ரோல் என்ஜினாயின் பிளக் மூடியையும் கழற்றிவிடுதல் நலம். தூக்கி நிறுத்திய பாகத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடாமல் அதன் கீழ்க் கை வைக்கலாகாது.

இரண்டாவதாக, கியர் பெட்டியும் கலப்பையும் சேரும் முகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்து இணைக்க வேண்டும். ஒரே பக்கத்துப் போல்ட்டுகளை முதலில் முடுக்கிவிடாமல், எதிரெதிராக உள்ளவற்றை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குக.

மூன்றாவதாக, கத்திகளில் இடக்கத்தி, வலக்கத்தி என இரு வகை உண்டு. சுழலும்போது கூர்முனையே முதலில் மண்ணில் பட வேண்டும். முதுகுப்புறம் பட்டால் கலப்பை மண்ணில் இறங்காது துள்ளும். கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்கும்படி வரிசை அமைந்துள்ளது. ஆகவே, பழைய கத்திகளைக் கழற்றுமுன் அவ்வரிசையைத் தாளில் வரைந்துகொள்க. வரிசை பிசகினால் இயந்திரம் அதிரும்.

நான்காவதாக, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் இட்டு முடுக்கி, ஓரிரு மணி நேரம் உழுதபின் மறுமுறையும் முடுக்குக. புதிய கத்திகளின் போல்ட்டுகள் முதல் ஓட்டத்தில் தளர்வது இயல்பு.

பேணும் முறை

நாள்தோறும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல் அவசியம். சேற்றுழவுக்குப்பின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். ஆயில் சீலை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிய பின்னரே ஓட்ட வேண்டும். தண்டில் சுற்றிய புல்லையும் கயிற்றையும் வேலை முடிந்தவுடன் நீக்குக. ஒரு பக்கத்தில் மட்டும் புதுக்கத்தி இட்டால் சமநிலை கெடும். ஆதலால் இரு பக்கமும் ஒத்த அளவில் மாற்றுக. பருவம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, உலர்த்தி, கத்திகளுக்கு எண்ணெய் பூசி வைத்தால் துரு ஏறாது.

கத்தி சுழலும்போது ஒருபோதும் பின்னோக்கி ஓட்டலாகாது. ஓட்டுநர் பின்னே நடந்து வருபவராதலின், கத்திகள் அவர் காலை நோக்கியே வரும். பின்மூடியைக் கழற்றிவிட்டு உழுவதும் அத்தகைய ஆபத்தே.

இறுதியாக, சங்கங்களுக்கு ஒரு யோசனை. இயந்திரம் கைமாறும்போதெல்லாம் தருபவரும் பெறுபவரும் சேர்ந்து தண்டு, போல்ட்டு, எண்ணெய், கத்தி எண்ணிக்கை ஆகிய நான்கையும் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுவார்களாக. அடுத்த வயலில் நாற்றோடு காத்திருப்பவரும் நம் சங்கத்தின் அங்கத்தினரே என்பதை மறத்தல் கூடாது.