சிறு நாயினத்திற் காணும் பரம்பரை இருதய நோய்

கதிர் முற்றுமுன் எவரும் விதைநெல் எடுப்பதில்லை. பயிர் விளைந்து, மணி நிறைந்து, நோயற்றதெனக் கண்ட பின்னரே விதைக்கு ஒதுக்குகின்றோம். நாய்களை இனவிருத்தி செய்வோர் இவ்விதியை மறப்பின் விளையும் கேட்டுக்கு, இங்கிலாந்தில் தோன்றிய கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்னும் சிறு நாயினம் தக்க உதாரணமாகும்.

நோயின் தன்மை

இருதயத்தின் இடப்பக்கத்தில், சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையே இருகூர் வால்வு அமைந்துள்ளது. இரத்தம் பின்னோக்கிச் செல்லாது தடுக்கும் கதவு இதுவேயாகும். நோயுற்ற நாயில் இவ்வால்வின் இதழ்கள் படிப்படியாகத் தடித்து, ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. அதனால் இருதயம் சுருங்குந்தோறும் இரத்தத்தின் ஒரு பகுதி பின்னோக்கிக் கசியும். இக்கசிவினால் எழும் ஒலியே முணுமுணுப்பு எனப்படும். காலப்போக்கில் இருதயம் பருத்து, சுவாசப்பைகளில் நீர் கோத்துக்கொள்ளும்.

பல சிற்றினங்களுக்கு முதுமையில் வரும் இந்நோய், கவலியர் இனத்தில் முன்னதாகவே தோன்றுகின்றது. 5 அல்லது 6 வயதளவில் ஏறக்குறைய அரைவாசி நாய்களிலும், 10 வயதளவில் பெரும்பாலான நாய்களிலும் முணுமுணுப்புக் கேட்கும். பல பரம்பரையலகுகள் கூடி இதற்குக் காரணமாகின்றன. இளமையிலேயே நோயுற்ற பெற்றோரின் குட்டிகளும் இளமையில் நோயுறுதல் கூடும்.

இடர் எங்கேயுள்ளது?

இளம் நாயின் இருதயம் பெரும்பாலும் குறைவின்றி ஒலிக்கும். அதனை நம்பி இணை சேர்த்தால், நோய் வெளிப்படுமுன்னரே அது அடுத்த சந்ததியைச் சேர்ந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரண்டரை வயதுக்கு முன் இணை சேர்த்தலாகாது. சேர்க்குமுன் ஆண், பெண் இரண்டின் இருதயத்தையும் மிருக வைத்தியரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும்.

2. அவ்விரண்டின் பெற்றோரும் 5 வயது வரையிலாவது முணுமுணுப்பு அற்றனவாய் இருந்தனவா என விசாரித்தறிதல் வேண்டும்.

3. இளவயதில் முணுமுணுப்புத் தோன்றிய நாயை இனவிருத்தியினின்றும் நீக்குக. அதனை அன்புடன் வீட்டில் வளர்ப்பதற்குத் தடையில்லை.

4. நோயுள்ள நாய் அயர்ந்து உறங்கும்போது, நிமிடத்திற்கு எத்தனை முறை சுவாசிக்கின்றது என எண்ணுக. அது 30 இற்கு மேற்பட்டு நிலைத்தால், அல்லது இளைப்போ மயக்கமோ காணப்பட்டால், தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்க.

மருந்தும் தேர்வும்

இருதயம் பருத்தும் அறிகுறி தோன்றாத நாய்களுக்குப் பிமோபெண்டன் என்னும் மருந்தைக் கொடுத்தால், இருதயத் தளர்ச்சி ஏறத்தாழ 15 மாதம் பிற்படும் என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆயினும் பழுதான வால்வை அம்மருந்து செப்பனிடாது. வைத்தியரின் ஆலோசனையின்றி அதனைக் கொடுத்தலும் தவறு.

தேர்ந்து இணை சேர்த்தலின் பயனை டென்மார்க்கில் காணலாம். அங்கு இருதயச் சோதனையிற் தேறிய நாய்களையே இணை சேர்க்கும் கட்டாய முறை கையாளப்பட்டது. பெற்றோர் இருவரும் அவ்வாறு தேறியிருந்த நாய்களில், 2002-2003 ஆம் ஆண்டுகளிலும் பார்க்க 2010-2011 இல் நோய்க்கான வாய்ப்பு 73 சதவீதம் குறைந்திருந்தது.

ஆதலின் குட்டி வாங்கச் செல்லும்போது அதன் அழகை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். தாய் தந்தையின் வயதையும், பாட்டன் பாட்டியின் இருதய நலத்தையும் கேட்டறியுங்கள். விடை கூற இயலாதவரிடம் குட்டி வாங்காதிருத்தலே நன்று.