மணிச்சத்துக்கு ஒரு வரவு-செலவு

வங்கியில் இருந்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. ஒரு டன் நெல் விற்றால் 2 முதல் 3 கிலோ மணிச்சத்தும் வயலை விட்டுப் போகிறது. வைக்கோலை மடக்கி உழுதாலும் ஈடாகாது. பெரும்பங்கு நெல்மணியில்தான் இருக்கு. பாஸ்போபாக்டீரியா விடுறோமேன்னு கேட்பீங்க. நானும் அந்த நிம்மதியில்தான் இருந்தேன். அது மண்ணில் கட்டுண்டு கிடப்பதைக் கரைத்துக் கொடுக்கும், புதிதாக எதையும் சேர்க்காது. வைப்புத்தொகையை உடைத்துச் செலவழிப்பது வருமானமா?

செங்கல்பட்டுப் பக்கம் விளையும் என் நெல்லை அடையாறில் மகள் வீட்டில் சாப்பிடுகிறார்கள். வளர்ந்தவர் உடம்பு, சாப்பிட்ட மணிச்சத்தை அநேகமாக அப்படியே வெளியேற்றிவிடும். பாதிக்கு மேல் சிறுநீரில். அது பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, ஆற்றோடு கடலுக்கோ போகுது. நாடோ டிஏபிக்கு மொராக்கோ, ஜோர்டான் பாறையை நம்பி நிற்குது.

ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ டிஏபியில் உள்ள மணிச்சத்து, சுமார் 30 பேரின் ஓராண்டுச் சிறுநீரில் இருக்கு. முசிறியில் சூழல் கழிப்பறையில் சேகரித்து வாழைக்குக் கொடுத்தார்கள். மூடிய கேனில் 6 மாதம் வைத்து, 10 பங்கு தண்ணீர் கலந்து வேரோரம் ஊற்றணும். அங்ககச் சான்று வாங்கியவங்க முதலில் சான்றளிப்பவரைக் கேட்டுக்குங்க. நகரச் சாக்கடைக் கசடைப் பரிசோதிக்காம வாங்காதீங்க, கன உலோகம் இருக்கலாம்.

மகள் வீட்டில் ஒரு கேன் வைக்கச் சொன்னேன். மாப்பிள்ளை இன்னும் சிரிச்சுட்டிருக்கார்.