கணக்கிலிருந்து கையெழுத்துப் பிரதிக்கு

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 18 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 42. புத்தக எடிட்டராக மாற ஆசை. நடக்குமா? (ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: நடக்கும். ஆனால் வேலையை நாளைக்கே விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை, சென்னையில் அரசின் கணக்குத் துறையில் இருந்தவர். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு வீரசோழியத்தை 1881-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தார். வரவும் செலவும் இடிக்கிற இடத்தை மோப்பம் பிடிக்கிற கண்தான் சுவடிக்குச் சுவடி மாறுகிற பாடபேதத்தையும் பிடிக்கும். அந்தக் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நம் காலத்தில் க்ரியா ராமகிருஷ்ணன். விளம்பரத் துறையிலிருந்து வந்து 1974-ல் பதிப்பகம் தொடங்கினார். அவர் பதிப்பித்த தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் வந்தது. அதை முதலில் வாங்குங்கள்.

எடிட்டருக்குச் சந்திப் பிழை திருத்துவது பாதி வேலைகூட இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் செத்த மாமா பத்தாம் அத்தியாயத்தில் டீ குடிக்கிறாரா என்று பார்ப்பதும், எழுத்தாளர் கோபித்துக்கொள்ளாமல் அதைச் சொல்வதும்தான் வேலை. நீலகிரிப் படகர் பேச்சு வருகிற கதையைப் பொதுத்தமிழாக்கிவிடாமல் காப்பாற்ற உங்களைப் போன்ற மலைக்காரர்தான் வேண்டும்.

சம்பளம்? தமிழில் முழுநேர எடிட்டர் வைத்திருக்கும் பதிப்பகங்கள் குறைவு. சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் வேலை குவியும், பிறகு வறட்சி. நண்பர் ஒருவரின் கையெழுத்துப் பிரதியை வாங்கி, இரவில் உட்கார்ந்து திருத்திப் பாருங்கள். நூறு பக்கம் தாண்டியும் அலுக்கவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.