பித்தப்பைக் கல்: சிறு துளை அறுவை சிகிச்சைக்குப் பின்

"தறியில் எப்போது அமரலாம்? திருத்தணி மலைப்படி எப்போது ஏறலாம்?" பித்தப்பை அகற்றப்பட்ட அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் எம்மிடம் முதலில் கேட்பது இதுவே.

உடற்பருமன் உள்ளோர்க்கும், மிக விரைவாக எடை குறைப்போர்க்கும் பித்தப்பைக் கல் உண்டாகும் வாய்ப்பு மிகுதி. லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை இந்தியாவில் 1990ஆம் ஆண்டு மும்பையில் மருத்துவர் தெஹம்தன் உத்வாடியா தொடங்கிவைத்தார். வயிற்றினுள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, பெரும்பாலும் நான்கு சிறு துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைக்கிறோம். வலியும் தழும்பும் குறைவு. ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் அஞ்ச வேண்டா. அது வாயுவின் விளைவு.

துளை சிறிதாயினும் உள்ளே நிகழ்வது முழுமையான அறுவை சிகிச்சையே. அழற்சி மிகுந்திருந்தால், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் நாளம் தெளிவாகத் தெரியாது. அந்நிலையில் நாளம் சேதமுறாதிருக்க, வயிற்றைத் திறந்து சிகிச்சையை முடிக்க நேரிடும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன்னரே குடும்பத்தினர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டில் நாள்தோறும் மெல்ல நடத்தல் நன்று. பளு தூக்குவதைச் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். தறிக்கும் மலைப்படிக்கும் உரிய நாளை, புண் ஆறியதைப் பார்த்து மறுபரிசோதனையில் கூறுவோம். ஆனால் காய்ச்சல், கண் மஞ்சளாதல், கூடிவரும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அந்நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வருக.