கடவுளரைப் பட்டியலிட்டால் போதுமா? கற்பனை உலக விளையாட்டுகள் தரும் ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பண்டைய நாகரிகங்கள் பாடத்தை நடத்தும்போது எகிப்து, மெசபடோமியா மக்களின் சமயம் பற்றிய பகுதி வரும். மாணவர்கள் பெரும்பாலும் அதை ‘பொருத்துக’ வினாவுக்கான பட்டியலாகவே படிக்கிறார்கள். ‘ரா – சூரியக் கடவுள்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த மக்கள் ஏன் அப்படி வழிபட்டார்கள், அந்த வழிபாடு அவர்களுடைய அன்றாட வாழ்வில் என்ன இடம் பெற்றிருந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். “அப்படின்னா ராவும் நம்ம சூரிய பகவானும் ஒருத்தர்தானா சார்?” என்று யாராவது கேட்டால், ‘ஆம்’ என்பதா, ‘இல்லை’ என்பதா என்ற தயக்கம் நமக்கும் வரும்.

இந்தத் தயக்கத்தை வேறு ஓர் இடத்திலும் பார்க்கலாம். மேசையைச் சுற்றி அமர்ந்து கதை சொல்லி விளையாடும் ‘பாத்திரமேற்பு விளையாட்டு’களை உருவாக்கியவர்கள், ஐம்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட வழிகள் நம் பாடத்திற்கும் உதவும்.

இது என்ன விளையாட்டு?

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதை நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். “எதிரே ஆறு, பாலம் உடைந்திருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துநர் கேட்பார். “நீந்திக் கடக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், அது முடிந்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை அப்படியே நகரும். இதில் வெற்றி தோல்வியைவிடக் கதையைக் கூடிக் கட்டுவதுதான் முக்கியம்.

இவ்வகையில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளியிட்டனர். அதில் ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய பாத்திரங்கள் மூன்று வகை: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. போர்வீரரின் வலிமை உடலில் இருக்கிறது. மந்திரவாதியின் வலிமை ஏட்டில் இருக்கிறது. சமயகுருவின் வலிமையோ தெய்வத்திடமிருந்து வருகிறது. எந்தத் தெய்வம்? தொடக்கத்தில் இதற்குத் தெளிவான விடை இல்லை. கைகாக்ஸின் ஆட்டத்தில் சிலர் தங்கள் சமயகுருவுக்குப் பெயருள்ள ஒரு தெய்வம் வேண்டும் என்று கேட்டபோது, அவர் பாதி வேடிக்கையாக இருவரை உருவாக்கினார். ஒருவர், நம்பாதவரைத் தடியால் தட்டி வழிக்குக் கொண்டுவருபவர். மற்றவரின் அடியார்களோ வேறு தெய்வமே இல்லை என்று சாதிப்பவர்கள். அந்த இருவரும் பின்னாளில் அந்த விளையாட்டின் நிலையான தெய்வங்களாகிவிட்டனர்.

எண்களாக மாறிய கடவுளர்

1976இல் ராபர்ட் குன்ட்ஸ், ஜேம்ஸ் வார்டு இருவரும் இவ்விளையாட்டுக்கு ஒரு துணைநூல் எழுதினர். எகிப்து, கிரேக்கம், நார்ஸ், கெல்டிக், இந்தியா என்று பல மரபுகளின் கடவுளர் அதில் வரிசையாக இடம்பெற்றனர். 1980இல் அது விரிந்து ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற பெரிய நூலாயிற்று. ஒவ்வொரு கடவுளுக்கும் ஒரு துறை, ஓர் ஆயுதம், எவ்வளவு அடி தாங்குவார் என்பதற்கு ஒரு புள்ளி, கவசத்திற்கு ஒரு மதிப்பு எனக் கொடுத்திருந்தார்கள். இந்தியப் பகுதியில் இந்திரன், அக்னி, விஷ்ணு, காளி, லட்சுமி, யமன் ஆகியோரோடு கார்த்திகேயனும் இருக்கிறார்.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். சுமேரியக் கடவுளரை இன்று யாரும் ஊர்கூடி வழிபடுவதில்லை. முருகனை வழிபடுகிறோம். அந்நூலின் அட்டவணையில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. இரு தரப்பும் ஒரே கட்டத்தில், ஒரே அளவுகோலில் அடைக்கப்பட்டிருக்கின்றன. போர் புரியும் தெய்வம் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் குறிஞ்சி நிலமும் தினைப்புனமும் வள்ளியும் காவடியும் காணாமல் போகின்றன. எதுவெல்லாம் அட்டவணைக்குள் வரவில்லையோ, அதில்தான் வழிபடுவோரின் வாழ்க்கை இருக்கிறது.

எண்ணுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒன்றுக்குப் புள்ளி கொடுத்துவிட்டால், ‘அதை வெல்ல முடியுமா?’ என்றுதான் ஆட்டக்காரர் அடுத்து யோசிப்பார். ‘அதை யார், எதற்காக வழிபட்டார்கள்?’ என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். நம் ‘பொருத்துக’ வினாவும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது.

வழிபடுவோரிடமிருந்து தொடங்கியவர்கள்

எல்லோரும் அட்டவணையோடு நிற்கவில்லை. கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட், தம் கற்பனை உலகின் தெய்வங்களைப் பற்றி 1981இல் ‘டிராகன்’ இதழில் எழுதினார். அந்த உலகம் 1987இல் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. அங்கே சாதாரண மக்கள் ஒரே தெய்வத்தோடு நிற்பதில்லை. தேவைக்கேற்பப் பலரை வணங்குகிறார்கள். உழவர் பயிர்த் தெய்வமான சான்டியாவை வணங்குவார். துணிந்து ஒரு காரியத்தில் இறங்குபவர் நற்பேற்றின் தெய்வமான டைமோராவை நினைப்பார். கடலின் தெய்வமான அம்பர்லீ கொடியவள். அவள்மீது யாருக்கும் அன்பில்லை. ஆனாலும் மாலுமிகள் புறப்படும் முன் அவளுக்குக் காணிக்கை செலுத்துகிறார்கள். வழிபாடு அன்பால் மட்டும் நிகழ்வதில்லை, அச்சத்தாலும் நிகழ்கிறது என்பதை அந்த ஒரு காணிக்கை மாணவருக்குப் புரியவைத்துவிடும்.

இதில் இன்னும் ஆழமாகப் போனவர் கிரெக் ஸ்டாஃபோர்டு. அவர் படைத்த உலகம் குளோரந்தா. 1978இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’ என்ற விளையாட்டு அந்த உலகில்தான் நிகழ்கிறது. அதன் தொடர்ச்சியாக 1979இல் வந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ நூல், ஒவ்வொரு தெய்வத்தையும் வழிபடும் கூட்டத்தை விளக்குகிறது. அவர்களுடைய கதை என்ன, யார் அதில் சேரலாம், சேர்ந்தவருக்கு என்ன கடமை, பிற கூட்டத்தாரோடு உறவு எப்படி என்பனவே அதன் தலைப்புகள். இடையிடையே ஊர் ஊராகச் செல்லும் ஒரு வணிகரின் பயணக் குறிப்புகளும் வருகின்றன. வெளியூர்க்காரர் ஒருவரின் கண்ணால் அந்த வழிபாடுகளை நாம் பார்க்கிறோம்.

குளோரந்தாவின் ஒரு கதை வகுப்பறைக்கு மிகவும் பொருந்தும். புயல் தெய்வமான ஓர்லாந்த், சூரியப் பேரரசனான யெல்மைக் கொன்றுவிடுகிறான். உலகம் இருள்கிறது. பிறகு ஓர்லாந்தே பாதாளம் வரை சென்று சூரியனை மீட்க வழி செய்கிறான். புயலை வழிபடும் மலைவாழ் மக்களுக்கு இது கொடுங்கோலனை எதிர்த்து நின்ற, செய்த பிழைக்கு ஈடும் செய்த வீரனின் கதை. சூரியனை வழிபடும் பேரரசின் மக்களுக்கு இது அரசனைக் கொன்ற கலகக்காரனின் கதை. நிகழ்ச்சி ஒன்றுதான், அதைச் சொல்பவர் யார் என்பதற்கேற்பப் பொருள் மாறுகிறது. வரலாற்றுச் சான்றுகளைப் படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தேவையான பயிற்சி வேறில்லை.

‘இவரே அவர்’ என்னும் பொறி

குளோரந்தாவின் கதையில் ‘காட் லேர்னர்ஸ்’ என்ற அறிஞர் கூட்டம் ஒன்று உண்டு. எல்லா மக்களின் தெய்வங்களும் ஒரே அட்டவணையின் வெவ்வேறு பெயர்கள்தாம் என்று அவர்கள் முடிவு கட்டினர். அதை மெய்ப்பிக்க, இரண்டு நிலங்களின் தானியத் தெய்வங்களை இடம் மாற்றியும் பார்த்தனர். விளைச்சல் பொய்த்து மக்கள் பட்டினியில் வாடினர். கற்பனைக் கதைதான். ஆனால் வரலாற்றுப் பாடத்தில் நாம் செய்யக்கூடிய பிழையை இது அப்படியே காட்டுகிறது.

உண்மையான எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். கிரேக்கரின் ஏரிஸ், ரோமானியரின் மார்ஸ் இருவரையும் ‘போர்க்கடவுள்’ என்று ஒரே வரியில் எழுதுகிறோம். கிரேக்கக் கதைகளில் ஏரிஸ் இரத்தவெறி பிடித்தவர். அவரைப் பிற தெய்வங்களே விரும்புவதில்லை. மார்ஸ் ரோமானியருக்கு மதிப்புமிக்க தெய்வம், ரோமுலசின் தந்தை, வயல்களைக் காக்குமாறும் அவரிடம் வேண்டினார்கள். மார்ச் மாதத்தின் பெயரும் அவருடையதே. ஒரே வரி எழுதியதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

சூரியனும் அப்படித்தான். எகிப்தின் ரா படகில் பயணம் செய்கிறார். இரவில் பாதாளத்தைக் கடந்து, அபெப் என்ற பாம்போடு போராடி விடியலில் எழுகிறார். நைல் ஆறே நெடுஞ்சாலையாக இருந்த நாட்டில் கடவுளுக்கும் படகுதான் வாகனம். கிரேக்கரின் ஹீலியோஸ் குதிரைத் தேரில் வருகிறார். ஜப்பானின் அமதெரசு ஒரு பெண் தெய்வம். அவர் குகைக்குள் ஒளிந்துகொண்டதும் உலகம் இருண்டது என்கிறது அவர்களின் கதை. ஆகவே “ராவும் நம் சூரிய பகவானும் ஒருவர்தானா?” என்ற கேள்விக்கு நல்ல மறுமொழி இன்னொரு கேள்விதான்: “இருவரையும் வழிபட்டவர்கள் எப்படிப்பட்ட நிலத்தில், என்ன வேலை செய்து வாழ்ந்தார்கள்?”

தொல்காப்பியம் முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்திற்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று நிலத்தோடு சேர்த்தே தெய்வத்தைச் சொல்வதை நம் மாணவர்கள் அறிவார்கள். மேற்கண்ட கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

வகுப்பறையில்: மூன்று பாடவேளைகள்

முதல் பாடவேளை – நிலம். வகுப்பை ஐந்து அல்லது ஆறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கற்பனை ஊரை வரையட்டும். நீர் எங்கிருந்து வருகிறது, மக்கள் என்ன தொழில் செய்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்ற மூன்றையும் சார்ட் தாளில் எழுத வேண்டும்.

இரண்டாம் பாடவேளை – தெய்வம். அந்த ஊருக்கு மூன்று கற்பனைத் தெய்வங்களை உருவாக்கச் சொல்லுங்கள். ‘மழைத் தெய்வம்’ என்று எழுதுவதோடு நிறுத்தக்கூடாது. யார் வழிபடுகிறார்? எப்போது? என்ன படைக்கிறார்? என்ன கேட்கிறார்? கேட்டது கிடைக்காவிட்டால் என்ன சொல்லிக்கொள்கிறார்? இந்த ஐந்துக்கும் விடை வேண்டும். பிறகு ஒரே கதையை இரண்டு தெய்வங்களின் அடியார்கள் தனித்தனியே சொல்வதுபோல் எழுதட்டும்.

மூன்றாம் பாடவேளை – பயணம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வணிகராக அடுத்த குழுவின் ஊருக்குச் செல்கிறார். ஆசிரியர் கதை நடத்துநர். “ஆற்றில் வெள்ளம், ஊரார் படையலுக்குக் கூடியிருக்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு பகடை போதும். பார்த்ததை வணிகர் கேலியில்லாமல் தம் குழுவிடம் வந்து சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் உண்மையான கற்றல் நிகழ்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் முதல் பாடவேளையையும் ஒரு தெய்வத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். படம் வரைந்து வாய்மொழியாகச் சொன்னாலே போதும்.

கவனிக்க வேண்டியவை

இன்று மக்கள் வழிபடும் எந்தத் தெய்வத்தையும், எந்தச் சமயத்தின் பெரியோரையும் இந்த விளையாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. தொடங்கும் முன்பே இந்த விதியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஒரே பெஞ்சில் பல சமயத்துப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். எவர் வீட்டுப் பூசையும் தொழுகையும் செபமும் ஆட்டப்பொருளாகிவிடக் கூடாது. தெய்வங்களுக்கு எண் தர வேண்டாம், ‘யார் பெரியவர்?’ என்ற போட்டிக்கு அது வழிவிடும். கற்பனைத் தெய்வத்தை உருவாக்கத் தயங்கும் மாணவருக்கு வணிகர் அல்லது வரைபடம் வரைபவர் பொறுப்பைக் கொடுக்கலாம். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் நோக்கத்தை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

வளரறி மதிப்பீட்டுக்கு மூன்றைப் பாருங்கள்: நிலத்துக்கும் வழிபாட்டுக்கும் தொடர்பு காட்டினாரா, ஒரே கதையை இரு தரப்பிலிருந்தும் சொன்னாரா, அடுத்த ஊரின் வழக்கத்தை மதிப்போடு விவரித்தாரா.

இதை முடித்தபின் பாடநூலின் எகிப்துப் பகுதிக்குத் திரும்புங்கள். ‘ரா – சூரியக் கடவுள்’ என்ற வரி அங்கேயேதான் இருக்கும். ஆனால் மாணவர் அதன் கீழே தம் கேள்விகளை எழுதத் தொடங்கியிருப்பார். பக்கத்து இருக்கைத் தோழரின் வழிபாட்டைப் பற்றியும் “அது என்ன?” என்று கேட்பதற்கு முன், “அது உங்களுக்கு எப்படி?” என்று கேட்கப் பழகியிருப்பார்.