ஈரம் காயாத ஊரில் பயிற்சி: தோலையும் முடியையும் காப்பது எப்படி?

நிக்கோபாரின் கேம்பல் பேயில் காலை 11.15 மணி வாக்கிலேயே உச்சிவெயில் வந்துவிடும். நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில். ஊர் இருப்பதோ ஏறத்தாழ 94 டிகிரியில். சென்னையில் பன்னிரண்டைத் தாண்டி வருகிற உச்சி, இங்கே முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக முந்திக்கொள்கிறது. அதனால் யூடியூபில் யாராவது “பத்து மணிக்குமேல் வெயிலில் ஓடாதீர்கள்” என்றால், அதை ஒன்பது மணி என்று திருத்திக் கேட்டுக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு ஏழே டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும்.

இந்தத் தீவுகளில் பயிற்சிக்குக் குறைவில்லை. நிக்கோபார் மண்தான் டெபோரா ஹெரால்டையும் ஈசோ ஆல்பனையும் இந்திய சைக்கிள் அணிக்குத் தந்தது. 2018 ஜூனியர் உலகப் போட்டியில் ஆல்பன் வெள்ளி வென்றார். 1969 முதல் இங்கே குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் ராணுவத் தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் தீவிரமாகப் பயிற்சி செய்தால் தோலும் முடியும் மாறத் தொடங்கும். கறுத்துப்போவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கணிப்பில் இந்த ஊரில் வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். வியர்வை ஆவியாகாது, துணி உலராது, ஷூ காயாது. கீழே சொல்லும் படிகளில் முக்கியமானது உடம்பைக் காயவைக்கும் வேலைதான்.

முதல் படி: நேரம்

ஆண்டு முழுவதும் இங்கே ஐந்து, ஐந்தேகாலுக்குள் விடிந்துவிடும். மாலை ஐந்து, ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். கடினமான ஓட்டத்தையும் நீண்ட சைக்கிள் பயிற்சியையும் விடிந்ததும் தொடங்கி ஏழரைக்குள் முடியுங்கள். மாலைப் பயிற்சிக்கு மூன்றரை மணி சரி. நடுப்பகல் நேரம் நிழலில் செய்யும் உடற்பயிற்சிக்கு.

இரண்டாம் படி: கிளம்பும் முன் பூச்சு

எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத, தண்ணீரில் எளிதில் கரையாத சன்ஸ்கிரீன் வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் அளவு சரி. பட்டாணி அளவு தடவினால் பலன் பெரும்பகுதி போய்விடும். வெளியே போவதற்கு 15, 20 நிமிடம் முன்பு தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். மேகமூட்டம் என்று விட்டுவிடாதீர்கள். மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை இறங்கும். நெற்றியில் தடவியது வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிந்தால், அந்த இடத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள கெட்டியான வகையைப் பயன்படுத்துங்கள். மணல் ஈக்கும் கொசுவுக்கும் மருந்து தடவுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து அதற்கு மேலே.

மாநிறமும் கறுப்பும் உள்ள நம் தோலுக்குச் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பது தவறு. கன்னத்தில் மங்கு விழுவது நமக்குத்தான் அதிகம். ஆனால் கை கால் கறுப்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. பயிற்சி குறைந்தால் மெல்லத் தெளியும். அதற்காக வெளுப்பு கிரீம் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாம் படி: உரசும் இடங்கள்

தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பு, விளையாட்டு உள்ளாடையின் அடிப்பட்டை படும் இடம், குதிகால். ஓடுவதற்கு முன் இங்கெல்லாம் மெல்லிய பூச்சாக வாசலின் தடவுங்கள். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, உப்பேறி, தோலை அறுக்கும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி இங்கே நல்லது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பஞ்சு வைத்த கால்சட்டைக்கு உள்ளே வேறு ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் புண்ணைத் தொடங்கிவைக்கும். மிதித்து முடித்ததும் அந்தக் கால்சட்டையோடு உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் உடனே கழற்றுங்கள். இருக்கை படும் இடத்தில் கட்டி கிளம்பினால் இரண்டு நாள் சைக்கிளை விட்டுவிடுவதுதான் மருந்து. பிதுக்காதீர்கள்.

நான்காம் படி: முடிந்தபின் அரை மணி நேரம்

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குளித்து, துடைத்து, காய்ந்த துணிக்கு மாறிவிட வேண்டும். குளிக்க வழியில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பனியனையும் ஜட்டியையும் சாக்ஸையுமாவது மாற்றுங்கள்.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. முகம், மார்பு, கை, கால் விரல் இடுக்கு, கடைசியில் தொடை இடுக்கு. காலில் சேற்றுப்புண் இருந்தால் அரையைத் துடைத்த பிறகு காலைத் துடையுங்கள். இல்லாவிட்டால் காலில் இருக்கும் பூஞ்சையைத் துண்டே மேலே ஏற்றிவிடும். நான்காவது, ஐந்தாவது கால்விரல்களை விரித்துப் பாருங்கள். அங்கே தோல் வெளுத்து ஊறிப்போய், உரிந்து, வாடை வந்தால் அது சேற்றுப்புண்ணின் தொடக்கம். உள்ளங்காலில் ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாவின் வேலை. அதற்கு வைத்தியமே வேறு.

முடிந்தால் இரண்டு ஜோடி ஷூ வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்ளட்டையை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மழை மாதங்களில் வெளியே கொடி கட்டிப் பயனில்லை; வீட்டுக்குள் விசிறிக் காற்றில் உலர்த்தி, இடுப்புப்பட்டியிலும் தையல்களிலும் இஸ்திரி போடுங்கள். ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக் கூடாது. விடுதியில் ஒரே துண்டு சுற்றிவருவதால்தான் அறையில் எல்லோருக்கும் அரிப்பு வருகிறது.

வேர்க்குருவுக்கு மேல் பவுடரைக் கொட்டினால் அது வியர்வையில் குழைந்து துளைகளை இன்னும் அடைக்கும். காலமைன் தடவி, காற்றோட்டமாக இருங்கள்.

ஐந்தாம் படி: படர்தாமரை வந்தால்

இடுப்புப்பட்டிக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம்போல் சிவந்த வட்டம். விளிம்பு மேடாகச் செதில் தட்டி இருக்கும், நடுவில் தோல் ஆறினதுபோல் தெளிந்திருக்கும், இரவில் அரிப்பு தாங்காது. கடையில் கேட்டால் ‘மூன்று மருந்தும் கலந்த’ கிரீம் ஒன்றைத் தருவார்கள். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும். அதில் ஸ்டீராய்டு இருப்பதால் நிற்கிறது. பூஞ்சை சாகவில்லை, எதிர்க்க ஆளில்லாமல் அகலமாகப் பரவும். விட்டால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். நாட்பட்டால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும். அந்தக் கோடு அழியாது. 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். டெர்பினஃபின் மருந்துக்குப் பல சமயம் மசியாத டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சைக்கு 2020ல் பெயர் வைத்தபோது, அதில் நம் நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆகவே முதலில் கேம்பல் பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவர் சொன்ன நாள் வரை, அரிப்பு நின்ற பிறகும், மருந்தை நிறுத்தாதீர்கள். வட்டத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வரை தடவுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும்.

ஆறாம் படி: முடி

வியர்த்த நாளெல்லாம் தலையைத் தண்ணீரில் அலசலாம். ஷாம்பு வாரம் இரண்டு மூன்று முறை போதும். தேங்காய் எண்ணெயை ஓடப் போகும்முன் வைக்காதீர்கள். அது நெற்றியில் வழிந்து பருவாகும். குளிப்பதற்கு முன் முடியின் நீளத்தில் தடவி ஊறவிட்டு அலசுங்கள். முடியின் புரதம் கரைவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு அதுவே தீனி. கீட்டோகொனசோல் ஷாம்பு தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள்.

பெண்கள் குதிரைவாலை இழுத்து இறுக்கிக் கட்டுவதால் நெற்றி ஓரத்தில் முடி மெலியும். கட்டும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஈர முடியை இறுக்கிக் கட்டாதீர்கள். கடலில் இறங்கும்முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்தால் உப்புநீரை அது குறைவாகக் குடிக்கும். முதலை எச்சரிக்கை உள்ள இடத்தில் இறங்கவே வேண்டாம்.

கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் ஷாம்புவைக் குற்றம் சொல்லும்முன் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். அப்போது காய்ச்சல் வந்ததா? எடை குறைக்கப் பட்டினி கிடந்தீர்களா? உடம்பு அதிர்ச்சி கண்டு அவ்வளவு காலம் கழித்துத்தான் முடி உதிரும். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் முடி கொட்டும், தோல் வறளும், காயம் ஆறத் தாமதமாகும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். மாதவிடாய் நிற்பது கடும் பயிற்சியின் அடையாளம் என்று சொல்கிற பயிற்சியாளரை நம்பாதீர்கள். அது எலும்பையும் அரிக்கும். ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மீன், முட்டை, பருப்பு, கீரை சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், முடிவுகளைக் குழப்பும்.

ஏழாம் படி: பருவும் மருந்தும்

ஹெல்மெட் பட்டை படும் தாடையில் வரும் பரு, பட்டையைத் தினம் கழுவினால் அடங்கும். சிலருக்கு வே புரோட்டீன் மாவால் பரு கூடும். ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ‘சத்து மாவு’, ‘ஊசி’ என்று எதையோ எடுத்த சில வாரங்களில் முதுகெல்லாம் பெரும் பரு, முன்தலையில் வழுக்கை என்றால் அது அனபாலிக் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

போட்டியில் ஆடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெண்களின் பருவுக்கும் முகரோமத்துக்கும் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. தோல் நோய்க்கு வாய்வழி எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டிக் காலத்தில் தடை; தோலில் தடவுவதற்குத் தடையில்லை. “நான் விளையாட்டு வீரர்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாய்ன் எடுக்கும் நாட்களில் வெயில் சட்டென்று சுடும். கருவுற வாய்ப்புள்ள பெண்கள் ஐசோட்ரெடினாய்னை மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது.

எட்டாம் படி: வெட்டுக்காயம்

அந்தமான் தீவுகளில் 1980களின் இறுதியில் மக்களைக் கலங்கவைத்த ரத்தக்கசிவுக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று பிறகு தெரியவந்தது. அந்தக் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து, காயம் வழியே உடம்பில் நுழையும். முழங்கால் சிராய்ப்போடு சேற்று மைதானத்தில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள், ஆடி முடித்ததும் சோப்பால் கழுவுங்கள். பவளப்பாறை கீறினால் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றித் துகள்களை அகற்றுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் “சேற்றில் விளையாடினேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சன்ஸ்கிரீன், ஷாம்பு, பிளாஸ்திரி எல்லாம் கப்பலை நம்பி வருபவை. தீரும்வரை காத்திராமல் ஒன்று கூடுதலாக வாங்கிவையுங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி நேரத்தின் கடைசி இருபது நிமிடத்தைக் குளிக்கவும் உடை மாற்றவும் ஒதுக்குங்கள். மைதானத்தின் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும், பெண் பிள்ளைகள் உடை மாற்றப் பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டுமென்று ஊராகச் சேர்ந்து கேளுங்கள்.