தலையும் அடியும் ஒரு தடவை எழுதினால் போதும்

இரணைமடுவில் துருசு திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வயல் போகிறது. ஒவ்வொரு வயலுக்கும் தனிக் குளம் வெட்ட யாரும் நினைப்பதில்லை. ஆனால் இணையத்தளம் அமைக்கப் பழகும் நம் பிள்ளைகள் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு கமக்கார அமைப்பின் தளத்தில் இருபது பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விதைநெல், பசளை, காணி அனுமதிப்பத்திரம் என்று பல. ஒவ்வொன்றின் தலையிலும் அமைப்பின் பெயர். அடியில் அலுவலக நாள், தொலைபேசி இலக்கம். அலுவலக நாள் மாறுகிறது. பத்தொன்பது பக்கங்களைத் திருத்தியாயிற்று. காணிப் பக்கம் விடுபட்டுப் போயிற்று. இடம்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்த குடும்பமொன்று அந்தப் பக்கத்தை நம்பி, அன்றைய கூலியையும் விட்டு, முத்தையன்கட்டிலிருந்து பஸ் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்க்கும்.

இதற்கு வழி உண்டு. தலையை ஒரு கோப்பாகவும் அடியை இன்னொரு கோப்பாகவும் எழுதி வையுங்கள். இருபது பக்கங்களிலும் 'அந்தக் கோப்பை இங்கே சேர்' என்ற கட்டளை மட்டும் இருக்கட்டும். திருத்தம் வந்தால் ஓரிடத்தில் கைவைத்தால் போதும்.

எச்.டி.எம்.எல். மொழியில் இப்படிச் சேர்க்கும் கட்டளை கிடையாது. பக்கத்தை அனுப்பும் வழங்கிக் கணினி சேர்த்துத் தரும்படி செய்யலாம். ராஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995 இல் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில் இதற்கு 'இன்க்ளூட்', 'ரிக்வயர்' என்ற கட்டளைகள் உள்ளன. கோப்பு கிடைக்காவிட்டால் முன்னது எச்சரித்துவிட்டு மிகுதிப் பக்கத்தைக் காட்டும். பின்னது அங்கேயே நின்றுவிடும். அடிப்பகுதிக்கு முன்னதே நல்லது என்பேன். இலக்கம் காணாமற்போனாலும் விதைநெல் விபரமாவது வாசிக்கக் கிடைக்குமல்லவா?

எல்லாக் கோப்புகளையும் யு.டி.எஃப்.-8 முறையிலேயே சேமியுங்கள். ஒன்று பிசகினாலும் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியும். வழங்கி இல்லாமல் கோப்பை நேரே திறந்து பார்த்து, "வேலை செய்யவில்லை" என்று சோரவும் வேண்டாம்.

2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இதே முறையைப் பெரிய அளவில் காணலாம். மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் அத்தளத்தில், ஒரு நூலின் பக்கத்தில் நூலக எண், ஆசிரியர் போன்ற விபரங்களை மட்டும் எழுதுகிறார்கள். அவற்றைக் காட்டும் பெட்டியின் அமைப்பு தனியே ஓரிடத்தில் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு 'வார்ப்புரு' என்று பெயர். (உங்கள் வீட்டோடு போன சஞ்சிகை ஏதும் நூலகத்தில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.)

ஓரிடத்தில் விட்ட பிழை எல்லாப் பக்கத்துக்கும் பாயும் என்பதால், திருத்துமுன் பழைய கோப்பின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: மூன்று பக்கங்களும் ஒரே அடிக்கோப்பும் அமைத்து, அலுவலக நாளை ஒரு தடவை மாற்றி, மூன்றையும் திறந்து பாருங்கள்.